பையன் போனில் ஒன்றரை வருடமாக நேரக் கட்டுப்பாட்டு ஆப்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க பையன் போன்ல லாக் ஆப் போட்டிருக்கீங்களே, நாங்களும் போடலாமா?" அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இது.

வீடு கிருஷ்ணகிரியில். எனக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பையன் ஒன்பதாம் வகுப்பு. தினம் 2 மணி நேரம், இரவு 9 மணிக்குப் பூட்டு. திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு. இவன் வயசுக்கு நாங்களாக வைத்ததுதான் இந்த 2 மணி.

பூட்டுகிற வேலையில் குறையே இல்லை. முதல் வாரம் குடும்ப ஜெபத்தில் சங்கீதம் பாதியில் இருக்கும்போது பைபிள் ஆப்பும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. எப்போதும் அனுமதிக்கும் பட்டியலில் அதைச் சேர்த்ததும் சரியானது. ஆனால் அதற்குள் அவன் அம்மா புத்தக பைபிளைக் கையில் கொடுத்துவிட்டாள். இப்போது பிடித்த வசனத்துக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறான். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

என்னைப் படுத்துவது ஒன்றே ஒன்று: கூடுதல் நேரம் கேட்டு வரும் அறிவிப்பு. டீ பிரேக்கில் போனை எடுத்தால் வரிசையாக நிற்கும். சரி, அல்லது வேண்டாம், அவ்வளவுதான். பாடத்துக்கா, கிரிக்கெட்டுக்கா என்று தெரியாது. களைப்பில் வேண்டாம் என்று அழுத்துவேன். மறுநாள் அவன் முகம் கொடுத்துப் பேச மாட்டான். கோபப்படுத்தாமல், சிட்சையில் வளர்க்கும்படி எபேசியர் 6:4 தகப்பன்மாரிடம் சொல்கிறது. சிட்சையை மட்டும் நான் ஒரு பட்டனில் முடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் ஒருநாள் அறிவிப்புக்குப் பதில் போனே வந்தது. பூட்டியிருந்தாலும் பேச முடியும். "அப்பா, சயின்ஸ் புராஜெக்ட்டுக்கு ஒரு வீடியோ பார்க்கணும், இருபது நிமிஷம்." கொடுத்தேன். அப்படியே பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டான். என் பஸ் சூளகிரி தாண்டியும் பேச்சு நிற்கவில்லை. நேரம் வேண்டுமானால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அன்றே பேசி வைத்தோம்.

ஆப் நல்ல ஆப்தான். ஆனாலும் உங்களைப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேற்று செகண்ட் ஷிப்ட்டில் மறுபடி மூன்று அறிவிப்பு. கூப்பிட்டு என்னவென்று கேட்காமல் மூன்றுக்கும் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். வீடு சேரும்போது அவன் தூங்கியிருந்தான்.