துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஹோட்டல் என்றார்கள்: சிங்கப்பூரில் 46,800 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மணி இப்போது காலை ஐந்து. தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன், தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 46,800 ரூபாய். ஹோட்டல், வண்டி, இன்னும் ஏதேதோ பெயரில் வாங்கினார்கள். அதில் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறப் போகிறவர்கள் முந்தின நாள் தங்க இடமும் போய்வர வண்டியும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, வீட்டுக்காரர், நான், இரண்டு வாண்டுகள். மூன்று இரவு கப்பல், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்ப சிங்கப்பூருக்கே வருவது. பினாங்கு என்பது அப்பாவின் ஆசை. எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்குக்குப் போனவர். டெக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அந்தக் கடலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

கப்பல் டிக்கெட்டை நேராக நாங்களே போட்டோம். விசா எடுத்துக் கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் இருப்பவர். கப்பல் வெளியே போய்விட்டுத் திரும்ப சிங்கப்பூருக்குள் வருவதால், ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தார் மனுஷன். அவரிடமே ஹோட்டலையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் மாட்டியது ஒரு ஆன்லைன் டிராவல் ஏஜென்சியிடம். ரீல்ஸ் போட்டு, 'கப்பல் பயணிகளுக்கென்றே ஸ்பெஷல் பேக்கேஜ்' என்று விற்பார்களே, அந்த வகை. கேட்டு எழுதிய பத்தாவது நிமிஷம் ஒரு பையன் கூப்பிட்டான். "அக்கா, நானும் நம்ம ஊர்ப்பக்கம்தான், லால்குடி" என்றான். கப்பல் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஹோட்டல், ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும் என்றான். போட்டோ வந்தது. வெள்ளைப் படுக்கை, பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் ஒரு வெள்ளைக் கப்பல், அதற்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு கேபிள் கார். அந்தக் கேபிள் காரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் நான் உடனே விழுந்துவிடவில்லை. இரண்டு நாள் யோசிக்கிறேன் என்றேன். மறுநாள் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, அப்பாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, அதனால ஹோட்டல்ல பேசி லிஃப்டுக்குப் பக்கத்து ரூமா போடச் சொல்லிட்டேன். அப்பா ரொம்ப தூரம் நடக்க வேணாம்." நான் போகிறபோக்கில் ஒரு தடவை சொன்னது அது. அதை ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறானே என்று மனசு இளகிவிட்டது. அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். "தங்கமான பிள்ளை" என்றார் அம்மா. அன்று மத்தியானமே பணம் அனுப்பினேன்.

கணக்கு இது: இரண்டு ரூம், ஒரு ராத்திரி, 28,000. ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து ஏர்போர்ட் என்று மூன்று தடவை வண்டி, 14,000. 'சிங்கப்பூர் அரைவல் கார்டு' என்கிற நுழைவுப் படிவத்துக்குத் தலைக்கு 800 வீதம் ஆறு பேருக்கு 4,800. ஆக 46,800. கம்பெனிக் கணக்கு ஏதோ பிரச்சினை என்று சொல்லி ஒரு யூபிஐ நம்பர் கொடுத்தான். அனுப்பும்போது திரையில் வந்தது யாரோ ஒரு பெண்ணின் பெயர். அதைப் பார்த்தும் அனுப்பினேன். வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்கிறவர்கள் டிசிஎஸ் என்கிற வரியைப் பிடித்தாக வேண்டும், அதற்குப் பான் நம்பர் கேட்பார்கள். இவன் கேட்கவே இல்லை. பில்லும் கிடையாது. படித்தவள்தான் நான். வங்கித் தேர்வெல்லாம் எழுதினவள்.

கிளம்புகிற முந்தின சாயங்காலம் புது வவுச்சர் வந்தது. "ஹோட்டல் அப்கிரேட் ஆயிடுச்சுக்கா, லக்கி நீங்க." பேர் வேறு, முகவரி வேறு. பெட்டி கட்டுகிற அவசரத்தில் சரி தம்பி என்று போட்டுவிட்டேன்.

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கினால் பேர் எழுதின அட்டையோடு யாரும் இல்லை. கூப்பிட்டேன். "டிரைவர் பார்க்கிங்ல இருக்காருக்கா, அஞ்சே நிமிஷம்." அரை மணி கழித்தும் அதே அஞ்சு நிமிஷம். அவன் கொடுத்த டிரைவர் நம்பர் மணியே அடிக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம். சின்னவன் பெட்டி மேலேயே தூங்கிவிட்டான். கடைசியில் வரிசையில் நின்று இரண்டு டாக்சி பிடித்தோம். சாதா டாக்சியில் நாலு பேர்தான், ஆறு பேர் என்றால் இரண்டு வண்டி.

டாக்சி நின்ற இடம் கேலாங். சிங்கப்பூர் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்கு: அது ஏர்போர்ட்டுக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஏரியா. நல்ல சாப்பாட்டுக் கடைகள் உண்டு, டுரியான் கடைகள் உண்டு, மலிவான ஹோட்டல்களும் வரிசையாக உண்டு. எண் போட்ட லோரோங் என்கிற சந்துகளில் சிலவற்றில் சிவப்பு விளக்கு வீடுகளும் உண்டு. எங்கள் ஹோட்டல் அப்படி ஒரு சந்து முனையில். கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை உருட்டினார் பாருங்கள், அதை மறக்க முடியவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்மணி வவுச்சர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, புக்கிங் இருக்கிறது என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். "ஒரு ரூம், ரெண்டு பேர். பணம் இன்னும் கட்டலை, இங்க கட்டணும்" என்றார். 'ஹோட்டலில் வந்து கட்டிக்கொள்ளலாம்' என்று ஒரு வசதி இருக்கிறதல்லவா, அதில் காசே கட்டாமல் ஒரு ரூமைப் போட்டு, அதற்கு வந்த நம்பரை எங்களுக்கு வவுச்சராக அனுப்பியிருக்கிறான். நம்பர் நிஜம், பணம் பொய். இரண்டு ரூமுக்கு 318 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, அங்கேயே எண்ணி வைத்தோம்.

அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். அதுவரை வாய்க்கு வாய் அக்கா. "மேடம், அது ஹோட்டல் சைடு மிஸ்டேக், நீங்க அவங்ககிட்ட பேசிக்கோங்க." மேடம்! அந்த ஒரு வார்த்தையிலேயே பணம் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்துக்கு வண்டி. கப்பல் நாலு மணிக்கு, இரண்டரைக்குக் கவுண்டரை மூடிவிடுவோம் என்று டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வண்டி வந்தது ஒன்று பத்துக்கு. வந்தவர், தனக்கு ஏஜென்சி இன்னும் பணம் தரவில்லை என்று 60 வெள்ளி ரொக்கமாகக் கேட்டார். சண்டை போட நேரமில்லை, கொடுத்தோம். ஒன்று நாற்பதுக்கு ஒரு பெரிய மால் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார். உள்ளே ஓடினோம். வாசலில் இருந்த காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, "இங்க இல்ல, மரீனா பே" என்று கையை வேறு திசையில் காட்டினார்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட்டில், பேரே சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இன்னொன்று மரீனா சவுத்தில், 2012-ல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டர். பேர் ஒரே மாதிரி, இடம் வேறு வேறு. எங்கள் டிக்கெட்டில் இருந்தது இரண்டாவது. ஏஜென்சிக்காரன் டிரைவருக்கு எழுதிக் கொடுத்தது முதலாவது.

டாக்சி வரிசையில் நிற்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த டாக்சியை ஓட்டியவர் தமிழர், அறுபது வயசுக்கு மேல் இருக்கும். "அழாதம்மா, போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, மேலே பார்க்கச் சொன்னார். பார்த்தால், தலைக்கு மேலே செந்தோசாத் தீவுக்குப் போகிற கேபிள் கார். "அந்தக் கம்பி இருக்கே, ரொம்ப உசரமான கப்பல்லாம் இங்க உள்ள வரவே முடியாது. 83-ல ஒரு எண்ணெய் தோண்டுற கப்பலோட கோபுரம் அந்தக் கம்பியில மாட்டி, ஏழு பேர் செத்துப் போனாங்க. அந்தப் பெரிய கப்பல்களுக்குத்தான் மரீனா பே." அப்போதுதான் பொறி தட்டியது. ஜன்னலில் கப்பல், மேலே கேபிள் கார்! அவன் அனுப்பிய போட்டோவே தப்பான துறைமுகம். எங்கள் கப்பல் நிற்கிற இடத்தில் கேபிள் கார் இருக்கவே முடியாது. அந்த ஒரு படத்தை உற்றுப் பார்த்திருந்தால் 46,800 ரூபாயும் கையில் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். மரீனா பே குரூஸ் சென்டரை ஒட்டி ஹோட்டலே கிடையாது. பக்கத்தில் இருப்பது தீவுகளுக்குப் படகு போகிற மரீனா சவுத் பியர், அப்புறம் சாலை, வெட்டவெளி. 'துறைமுகத்துக்குப் பக்கத்து ஹோட்டல்' என்று அவன் விற்றது உலகத்திலேயே இல்லாத ஒன்று.

இரண்டு இருபதுக்குக் கவுண்டரைப் பிடித்தோம். பத்து நிமிஷம்தான் மிச்சம். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டி சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கப்பலைப் பற்றி எழுத இப்போது மனசில்லை. பினாங்கு வந்தபோது அப்பா தனியாகப் போய் ரெயிலிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது மட்டும் மிச்சம்.

திரும்பி வந்த அன்று வண்டி வராது என்று தெரியும், வரவுமில்லை. எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலில் போனோம். மரீனா சவுத் பியர் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட், அறிவிப்புப் பலகையில் தமிழ். இரண்டு இடத்தில் மாறி ஏர்போர்ட்டுக்கே கொண்டுபோய் விட்டது. தலைக்கு மூன்று வெள்ளிகூட ஆகவில்லை. முட்டி வலிக்கார அப்பாவே "இது சுகமா இருக்கே" என்றார். இதற்குத்தான் 14,000 கட்டியிருந்தேன்.

பணத்தைக் கேட்டதற்கு வந்த பதில்கள்: முதல் நாள், "ரீஃபண்ட் டீம் பேசுவாங்க மேடம்." அந்த டீமிலிருந்து ஒரு பெண், "நீங்க ஹோட்டல்ல தங்கினீங்கல்ல? அப்போ சர்வீஸ் கொடுத்தாச்சு." தங்கினதற்குக் காசு கட்டினதே நான்தான் என்றேன். "ஏழு வேலை நாள் ஆகும்." அதற்கடுத்து, பணமாகத் தர மாட்டோம், ஆறு மாதத்துக்குள் எங்களிடமே இன்னொரு டூர் போட்டால் அதில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு மெசேஜ். இன்னொரு டூர்! உங்களிடம்! நேற்று மத்தியானத்திலிருந்து அந்தப் பையனின் போட்டோ காணோம். என் மெசேஜுக்கு ஒற்றை டிக் மட்டும். அரைவல் கார்டு விஷயம் அதற்குமேல். அது சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாமே நிரப்பலாமாம். காசு வாங்கினால் ஏமாற்று என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்களாம். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. 4,800 ரூபாய்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை வலிக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், டிரைவரிடமும் அதைக் காட்டிவிட்டு ஏறுங்கள். ஹோட்டல் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, லிட்டில் இந்தியாவில் தங்கினால்கூட தோபி காட் ஸ்டேஷனில் ஒரு தடவை ரயில் மாறி மரீனா சவுத் பியர் போய்விடலாம். யார் மூலம் ரூம் போட்டாலும் ஹோட்டலுக்கே நேராகப் போன் அடித்து, எத்தனை ரூம், பணம் கட்டியாச்சா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் டாக்சி எடுங்கள், ஆப்பில் வரும் தனியார் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி சீட் இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். தனிப்பட்ட ஆள் பேருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடைசி நேரத்தில் 'அப்கிரேட்' என்றால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், என்னை மாதிரி ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். நேற்று ராத்திரி வந்ததும் அடித்தோம், புகார் எண் வந்திருக்கிறது. இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915-லும் பேசப் போகிறேன். பத்து மணிக்குப் பேங்க் திறந்ததும், அந்தப் பெண் பேருக்குப் போன 46,800 ரூபாயின் ரசீதை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பேன்.