காசிமேட்டில் மீன் காட்சியகம்: ஓடும் கடல்நீரா, சுழலும் நீரா?

வடசென்னைக் கடலோரத்தில் ஒரு மீன் காட்சியகம் கட்டுவதானால், முதலில் தீர்க்க வேண்டியது கண்ணாடியின் அளவன்று, தண்ணீர் வரும் வழியே. கடல்நீரைக் குழாயில் இழுத்து, மணலில் வடிகட்டி, தொட்டிகள் வழியே ஓடவிட்டுக் கடலுக்கே திருப்பும் திறந்த முறையில் உப்பைக் கலக்கும் வேலையில்லை. 1909-இல் மெரினாவில் காட்சியகம் திறந்தவர்களும் கடலுக்கு அருகில்தான் இடம் பார்த்தார்கள்.

மூடிய முறையோ கடல் எட்டாத ஊருக்கென வளர்ந்தது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், 1871-இல், வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு தரைக்கடியில் இருட்டான பெருந்தொட்டியில் சேமித்த கடல்நீரையே மீண்டும் மீண்டும் சுழலவிட்டார். இன்றைய வடிகட்டிகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள், மீன்கழிவில் எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. (கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களுக்கு இது பழகிய பாடம்.) மின்சாரம் நெடுநேரம் நின்றால் இம்முறை தடுமாறும் என்பது மெய்யே.

ஆயினும், 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணூர்ப் பகுதி நீரில் எண்ணெய் பரவியதை நினைத்தால், இங்கு நான் மூடிய முறையையே தேர்வேன். கடல் தெளிந்த நாள்களில் நீரெடுத்துச் சோதித்துச் சேமித்துக்கொள்ளலாம்.