மினியேச்சர் பெயிண்டிங்: வெட் பேலட்டும் கொலின்ஸ்கி பிரஷும், பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மேசைமேல் ஆடும் டேபிள்டாப் விளையாட்டுகளின் குட்டி உருவங்களான மினியேச்சர்களைச் சேர்த்து பெயிண்ட் அடிக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்த பெயிண்ட் வாங்கலாம் என்றுதான். பல வருடம் இதில் ஊறிய பிறகு நான் சொல்வது: நல்ல அக்ரிலிக் எதுவானாலும் சரி, தண்ணீரைக் கட்டுப்படுத்தும் சாமான்களில், அதாவது வெட் பேலட்டிலும் நல்ல பிரஷிலும், காசைப் போடுங்கள். சிட்டடெல், வலேஹோ, ஆர்மி பெயின்டர் ஆகிய மூன்று பிராண்ட் பெயிண்டுகளையும் கலந்தே புழங்குகிறேன். சிட்டடெல் மூடி திறக்கும் டப்பாவில் வரும். மற்ற இரண்டும் டிராப்பர் பாட்டில். துளி எண்ணிக் கலக்கலாம் என்பதால் எனக்கு டிராப்பர்தான் பிடித்தம்.

வெட் பேலட் என்பது ஒரு தட்டையான டப்பா, உள்ளே ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பார்ச்மென்ட் காகிதம் (பேக்கிங்குக்குப் பயன்படுத்துவது), அவ்வளவுதான். ஈரம் காகிதம் வழியே மேலேறிக்கொண்டே இருப்பதால், வெறும் தட்டில் சில நிமிடத்தில் காயும் பெயிண்ட் இதில் மணிக்கணக்கில் இளகியே இருக்கிறது. மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவையில் தொடரலாம். ஒரு மேலங்கிக்கு நிழலிலிருந்து ஹைலைட் (வெளிச்சம் படும் மேடு) வரை ஐந்தாறு சாயல்களை வரிசையாகக் கலந்து வைத்துக்கொண்டு, வேண்டிய சாயலுக்குத் திரும்பத் திரும்பப் போய்வர முடிவது இதனால்தான். ஸ்பாஞ்சில் தண்ணீர் தளும்பக் கூடாது. காகிதத்தின் மேல் நீர் நின்றால் பெயிண்ட் நீர்த்து ஓடிவிடும். மெழுகுக் காகிதம் வேண்டாம், ஈரம் ஏறாது. மெட்டாலிக் பெயிண்டுக்குத் தனித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் மினுக்குத் துகள்கள் ஈரத்தில் பரவி, அடுத்து அடிக்கும் முகத்திலும் மின்னும். ரொம்ப நாள் மூடியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விழும் என்று தெரிந்தால் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்துவிடுகிறேன்.

அப்புறம் பிரஷ். வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7, 1866இல் விக்டோரியா அரசிக்காக உருவான கொலின்ஸ்கி சேபிள் வகை, அதாவது கீரி போன்ற ஒரு விலங்கின் வால்முடியில் செய்த பிரஷ். என் வேலையில் பெரும்பகுதி அதன் 1ஆம் சைஸில் நடக்கிறது. 28 மில்லிமீட்டர் உருவத்தின் கண்ணுக்கு 000 சைஸ்தான் சரி என்று தோன்றும். ஆனால் அது தாங்கும் பெயிண்ட் மிகக் கொஞ்சம். கண்ணைத் தொடுவதற்குள் நுனியில் காய்ந்துவிடுகிறது. 1ஆம் சைஸின் வயிற்றில் பெயிண்ட் நிற்கும், நுனியோ ஊசியாகக் கூடும். கருவிழிப் புள்ளியை அதிலேயே வைக்கலாம். முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் பெயிண்ட் ஏறவிடக் கூடாது, ஏறிக் காய்ந்தால் முடி விரிந்து நுனி பிளக்கும். வேலை முடிந்ததும் பிரஷ் சோப்பில் கழுவி, விரலால் நுனி கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். டிரை பிரஷிங் (பெயிண்டைத் துடைத்தெடுத்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது), மெட்டாலிக், பசை வேலைக்கெல்லாம் சிந்தெடிக் போதும். அதன் நுனி சீக்கிரமே கொக்கியாக வளைந்துவிடும், அதனால் அதை நுண்வேலைக்கு எடுப்பதில்லை.

2019இல் வந்த சிட்டடெல் கான்ட்ராஸ்ட் பெயிண்டுகளும் அலமாரியில் உண்டு. வெளிர் பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் ஒரே பூச்சில் பள்ளத்தில் அடர்ந்து, மேட்டில் மெலிந்து நிற்கும். ரோமம், துணிமடிப்பு, எலும்பு என்றால் பிரமாதம்; ஒரு படையையே முடிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. டாங்கியின் தட்டைப் பக்கங்களில் மட்டும் திட்டுத்திட்டாகத் தேங்குகிறது, அங்கே சாயல் சாயலாக அடிக்கும் பழைய முறைதான்.

விளையாடக் கையில் எடுக்கும் உருவங்களுக்கு மேட் வார்னிஷ் (பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு) கட்டாயம். வாள்முனையிலும் தோள்பட்டையிலும்தான் பெயிண்ட் முதலில் தேயும். ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும் என்பதால், மழை நாட்களில் பிரஷால் பூசும் வகையையே எடுக்கிறேன்.