14 மாதம், 3 பாட்டில், வாயோரம் ஒரு கோடு

கூட வேலை பார்க்கும் பெண் நேற்று கேட்டாள்: "அக்கா, நீங்க முகத்துக்குப் போடுற ஃபவுண்டேஷன் விலை குறைஞ்சிருக்கு, வாங்கவா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்தில் தம்பி பால்குடம் எடுத்தான். இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை கூடவே நடந்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. நெற்றியில் டிஷ்யூவை ஒற்றி எடுத்தால் வெறும் ஈரம்தான், நிறம் துளிகூட ஒட்டவில்லை. அசந்துபோனேன்.

காரணம் பாட்டிலின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. ஐசோடோடெக்கேன் என்ற திரவம் பூசிய கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிக்கேட் என்ற சிலிக்கோன் பிசின் மெல்லிய படலமாகத் தங்கி நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். வியர்வை பெரும்பாலும் தண்ணீர், அதனால் அந்தப் படலத்தை ஒன்றும் செய்யாது. மூக்கில் சுரக்கும் எண்ணெய் அப்படியில்லை, மெல்ல இளக்கிவிடும். மதியத்துக்குள் என் மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தில் இரண்டு திட்டு. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வாயோரம். எனக்குக் கவுண்டர் வேலை, நாள் முழுக்கப் பேச்சு. அந்தப் பிசின் காய்ந்தால் விறைப்பு. பேசும்போதும் சிரிக்கும்போதும் மடிந்து மடிந்து, 4 மணிக்கெல்லாம் மூக்கோரத்திலிருந்து உதட்டு முனை வரை வெடிப்பு, காய்ந்த குளத்து மண் மாதிரி. குறைவாகப் பூசிப் பார்த்தேன். 5 நிமிடம் காயவிட்டேன். தண்ணீர்ப் பதத்தில் இருக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் போட்டேன், திரித்திரியாக உருண்டு வந்தது. அந்த இடத்தில் மட்டும் பவுடரை நிறுத்தியதும் ஓரளவு குறைந்தது. என் 46 வயதுத் தோலுக்கும் இதில் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிசினோடு வளைந்துகொடுக்கும் பாலிமரையும் தாராளமாகச் சேர்த்திருந்தால் இவ்வளவு வெடிக்காது என்பதுதான் என் எண்ணம்.

போன வாரம் அண்ணன் மகளின் நிச்சயதார்த்தப் படங்கள் வந்தன. அவள் பக்கத்தில் நான் வாய் நிறையச் சிரிக்கிறேன். என் கண் அந்தக் கோட்டுக்குத்தான் போகிறது. நாலாவது பாட்டில் வாங்க மாட்டேன்.

நீ வாங்கும்மா, உனக்கு 25 வயதுதான். ராத்திரி மறக்காமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் முகம் கழுவு. வெறும் சோப்புக்கு இது சரியாகப் போகாது.