3 லட்சத்துக்குள் பழைய செடான்: சிட்டி, வெர்னா, வென்டோ – எது எவ்வளவு செலவு வைக்கும்?

3 லட்சம் ரூபாயோடு 2010–2013 மாடல் செடான் தேடினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவை மூன்று: ஹோண்டா சிட்டி 1.5 ஐ-விடெக் பெட்ரோல், ஹூண்டாய் வெர்னா ஃப்ளூயிடிக் 1.6 சிஆர்டிஐ, ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1.6 டிடிஐ. இதில் கேட்கும் விலை பெரும்பாலும் வென்டோவுக்குத்தான் குறைவு. ஏன் குறைவு என்பது பட்டறையில் நிற்கும்போது தெரியும். கீழே உள்ள தொகைகள் வெளி ஒர்க்‌ஷாப்பில் பாகமும் கூலியும் சேர்த்துத் தோராயமாக ஆகிறவை. ஊருக்கு ஊர் மாறும், கம்பெனி சர்வீஸில் நன்றாகவே கூடும்.

முதலில் டைமிங், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்துப்போகத் திறந்து மூட வைக்கும் அமைப்பு. சிட்டியிலும் வெர்னாவிலும் செயின், வென்டோ 1.6 டிடிஐயில் பெல்ட். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும்; ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க 60,000-க்குக் குறைந்து யாரும் தொட மாட்டார்கள். "போன வருஷம்தான் சார் மாத்தினோம்" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட், அதை இறுக்கி வழிநடத்தும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்ப் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற 18,000 முதல் 25,000 ஆகும். வாட்டர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பழைய பம்பை விட்டுவைத்து மிச்சம் பிடித்தால், அது ஒழுகும் நாளில் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

வெர்னாவின் செயினைக் கெடுப்பது பழைய ஆயில். இன்ஜினுக்கு 5 லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும் என்பதால், சிலர் மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்டு ஓட்டியிருப்பார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில விநாடிகளைத் தாண்டியும் செயின் பக்கம் கரகரவென்று சத்தம் வந்தால் விலகிவிடலாம். நீங்கள் போகுமுன்பே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சிட்டியில் பார்க்க வேண்டியது டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் இதில் கிடையாது, கையால்தான் செட்டிங் வைக்க வேண்டும்: குளிர்ந்த இன்ஜினில் இன்லெட் 0.15–0.19 மி.மீ., எக்சாஸ்ட் 0.26–0.30 மி.மீ. லேசாக டிக் டிக் என்று கேட்டால் பயமில்லை, டேப்பட் கவர் கேஸ்கெட்டோடு 2,000 ரூபாய் அளவில் முடிந்துவிடும். கேஸ் கிட் ஓடிய வண்டியில் சத்தமே இல்லை என்பதுதான் சந்தேகத்துக்குரியது. வால்வு சீட் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போகும், வால்வு முழுசாக மூடாது, கடைசியில் கருகும். ஆர்சியில் எரிபொருள் விவரத்தையும் டிக்கியில் டேங்க் மாட்டிய போல்ட் துளைகளையும் பாருங்கள்.

டீசல் இரண்டிலும் பெரிய வித்தியாசம், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். வெர்னாவில் இருப்பது மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வகை. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் நாசில், வால்வு செட் மாற்றித் தேற்றிவிடலாம், ஒன்றுக்கு 6,000–8,000. வென்டோ 1.6 டிடிஐயில் இருப்பது மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்கும் பீசோ வகை, ரிப்பேர் கைகொடுப்பது அரிது. புதிதாக வாங்கினால் ஒன்றே 20,000-ஐத் தொடும், மொத்தம் நான்கு. அதனால் வாங்கும் முன் லீக்-ஆஃப் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வழிகிறது என்று அளப்பது) கட்டாயம். இரண்டு வண்டியிலும் இன்ஜின் கவரைத் தூக்கி இன்ஜெக்டர் அடியைப் பாருங்கள். கறுப்பாகத் தார் போலப் படிந்திருந்தால் காப்பர் வாஷர் போயிருக்கிறது. வாஷர் மலிவுதான். ஆனால் நாளாக ஆக இன்ஜெக்டர் உள்ளேயே இறுகிவிடும், அதைப் பிடுங்கும் கூலிதான் பெரிய செலவு.

கிளட்ச்: சிட்டிக்கு 10,000–13,000. வெர்னாவுக்கு 16,000–20,000. வென்டோவில் ட்யூவல் மாஸ் பிளைவீலும் (இன்ஜின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரட்டைச் சக்கரம்) சேர்ந்து போயிருந்தால் 50,000-க்கு மேல். இன்ஜினை ஆஃப் செய்யும் நொடியில் கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று உதறினால் அந்தப் பிளைவீல் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

சஸ்பென்ஷனில் நிலைமை தலைகீழ். மூன்றில் கட்டுமஸ்தானது வென்டோதான். சிட்டி ஸ்பீடு பிரேக்கரில் டக் டக் என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க், அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் என்ற வரிசையில் பாருங்கள். முன்பக்கம் முழுவதும் செய்தால் 15,000–20,000. வெர்னாவின் பின்பக்கம் புதிதிலேயே தொளதொள. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் பள்ளத்தில் அடி வாங்கும், ஷாக் அப்சார்பர் ஜோடி 6,000–8,000.

வெர்னா ஸ்டீயரிங்கில் ஏமாற்றப்படும் இடம் ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டுங்கள். டொக் டொக் என்று கையில் உணர்ந்தால் பெரும்பாலும் மோட்டார் பக்கத்து ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கிறது. பாகம் சில நூறு ரூபாய், ஸ்டீயரிங் காலத்தை (ஸ்டீயரிங் வீலைத் தாங்கும் தண்டுப் பகுதி) இறக்கி ஏற்றும் கூலி 2,000 சுமார். "முழு ஸ்டீயரிங் காலமும் மாற்றணும்" என்று பல ஆயிரங்களில் எஸ்டிமேட் வந்தால் இன்னொரு கடையில் காட்டுங்கள்.

டீசல் லாபமா? பெட்ரோல் 101, டீசல் 92.50 என்று வைப்போம். சிட்டி ஊருக்குள் லிட்டருக்கு 12.5 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு 8.10. டீசல் 16.5 கொடுத்தால் 5.60. வித்தியாசம் 2.50. மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்கு வருடத்துக்கு 15,000 மிச்சம்; வென்டோவின் ஒரு கிளட்ச்-பிளைவீல் வேலை மூன்று வருட மிச்சத்துக்கு மேல் விழுங்கிவிடும். மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஹைவேயில் ஓடுகிறவருக்கு வெர்னா. மற்றவர்களுக்கு சிட்டி, கைவசம் 40,000 தனியாக வைத்துக்கொண்டு. வென்டோ, பெல்ட் பில்லும் கிளட்ச் பில்லும் காட்டுபவரிடம் மட்டும். சிட்டி எடுத்தால் சேசிஸ் நம்பரை ஹோண்டா தளத்தில் போட்டு, டகாட்டா கம்பெனி ஏர்பேக்குக்கான ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்றித் தரும் அழைப்பு) பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. டெல்லி பக்கம் 10 வருடம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்ற கெடுபிடி இருந்துவந்ததால் அங்கிருந்து வரும் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் முடித்துப் பார்த்தால் அந்த மலிவு கரைந்திருக்கும். 15 வருடத்தை நெருங்கும் ஆர்சி என்றால், ஐந்து வருடப் புதுப்பிப்பை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும்.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கறை பாருங்கள். சீட் ரெயில் அடியில் துருவும், கார்ப்பெட்டுக்குக் கீழே வயரிங் கனெக்டரில் பச்சைக் களிம்பும் இருந்தால், மூன்றில் எந்த வண்டியானாலும் பேரம் பேசவே வேண்டாம்.