பேயே இல்லாத பேய்க்கதை அட்டை

முதலில் ரூபாய்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் நாவலின் அட்டைப்படத்துக்கு ஓவியரிடம் பேசிய கூலி 6,000. முன்பணம் 2,000, மீதி அச்சுக்குப் போகிற கோப்பு கைக்கு வரும்போது. இரண்டு திருத்தம் அதிலேயே சேர்த்தி, மூன்றாவதிலிருந்து தடவைக்கு 500. நான் கடைசியில் கொடுத்தது 7,000. அந்த மனுசனை எத்தனை தடவை பாடாய்ப் படுத்தியிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியர் பாளையங்கோட்டைக்காரர். முருகன்குறிச்சியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மாடியில் ஒற்றை அறை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர், கோயில் சுதைகளுக்கு வர்ணம் பூசியவர். பிளெக்ஸ் வந்ததும் சுவர் வேலை படுத்துவிட்டது, கோயில் வேலை மட்டும் நிற்கிறது. மகன் பகலில் கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, தயாராகிற கோயில்களில் ஏணி மேல் நிற்கிறார், ராத்திரியில் டேப்லெட்டில் புத்தக அட்டை போடுகிறார். நான் பட்ட அவதி, எனக்குக் கிடைத்த லாபம், இரண்டுமே இதிலிருந்து வந்தவைதான்.

என்னைப் பற்றி: மின்வாரியத்தில் 31 வருஷம், லைன்மேனாக ஓய்வு. கடைசிப் பதினாலு வருஷம் பனகுடி, வடக்கன்குளம் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று பாய்ந்து வரும்போது போஸ்டில் ஏறி நின்றால் சட்டை உடம்பில் தங்காது. அங்கே கேட்டதையும் பார்த்ததையும் வைத்து எழுதிய நாவல், ‘எட்டாம் நம்பர் காத்தாடி’. காற்றாலை என்று பேப்பரில் எழுதுவார்கள், எங்கள் வாயில் வருவது காத்தாடிதான். 90களில் நட்ட 225 கிலோவாட் காத்தாடிகள் குட்டை. பின்னால் வந்த உயரமானவற்றின் உச்சியில்தான் விமானத்துக்காகச் சிவப்பு விளக்கு மினுங்கும். என் கதையில், விளக்கே மாட்டாத ஒரு பழைய காத்தாடியில் ராத்திரி சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கே சொன்னால் புத்தகம் விற்காது.

அட்டைக்கு என் மனசில் ஒரு படம் இருந்தது. வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, பின்னால் நிலா. என் மகன் போனில் ஏதோ ஏஐ செயலியைத் தட்டி ஓசியிலேயே நாலு படம் எடுத்துக் கொடுத்தான். ஒன்றில் காத்தாடிக்கு ஐந்து இறக்கை. இன்னொன்றில் அந்தப் பெண்ணுக்குக் கையில் ஆறு விரல். ‘பேய்தானே, ஆறு இருந்தா என்னப்பா’ என்றான். நாலையும் கையில் வைத்துக்கொண்டுதான் ஓவியரிடம் போனேன்.

அவர் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “கதைய மொத்தமாக் குடுங்க அண்ணாச்சி. சுருக்கம் வேண்டாம்” என்றார். அட்டைக்கு எதற்கு முழுக்கதை என்று எனக்கு எரிச்சல். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், பன்னிரண்டு நாள் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில். ஒன்பதாம் அத்தியாயத்தில் பௌர்ணமி, நாலு நாள் கழித்து அமாவாசை என்று நான் எழுதியிருந்ததை வட்டம் போட்டு வைத்திருந்தார். பிழை திருத்தக் காசு வாங்கியவர் கண்ணுக்கே தப்பினது அது.

அப்புறம்தான் சேலைப் பேச்சு வந்தது.

“வெள்ளச் சேலைய நம்ம ஊர்ல எந்தப் பேயி அண்ணாச்சி கட்டுது? அது சினிமாப் பேயில்லா.”

“ஆளு பயப்படணும்லா வே.”

“சுடலைமாட சாமிக்கு எங்க ஊர்ல முகமா இருக்கு? வெறும் பூடம். செங்கல்லு, மேல சுண்ணாம்பு. சாமக்கொடையில அதப் பாத்தா உங்களுக்குக் கால் நடுங்குமா, நடுங்காதா?”

நான் விடவில்லை. சில ஊர்களில் மீசையும் அரிவாளுமாகச் சுடலைக்குச் சுதையுருவமே இருக்கிறதே, நீரே வர்ணம் பூசியிருக்கிறீரே என்று மடக்கினேன். அவர் தூரிகை கழுவுகிற டப்பாவைப் பார்த்தபடி சொன்னார்: “அதுக்குக் கண்ணு தொறக்கதே நான்தான அண்ணாச்சி. அதப் பாத்து எனக்குப் பயம் கெடையாது. பூடத்தப் பாத்தாத்தான்.”

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. 1,000 ரூபாய் கூடக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லாமல் போனது அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

வந்த படம் இது. காத்தாடியின் அடித்தூணை ஒருவன் தரையில் மல்லாந்து கிடந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார். கீழே அகலம், மேலே போகப் போக ஒடுங்கும் வெள்ளைத் தூண். சட்டென்று பார்த்தால் காத்தாடியா பூடமா என்று தெரியாது. இறக்கைகள் படத்துக்குள்ளேயே வரவில்லை, அட்டையின் மேல் விளிம்பு வெட்டிவிட்டது. செம்மண்ணில் அவற்றின் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது. தூணின் அடியில் காய்ந்த மாலை ஒன்று. அது என் கதையில் கிடையாது. படத்தைப் பார்த்த பிறகு பதினோராம் அத்தியாயத்தில் நான்கு வரி சேர்த்து அந்த மாலையைக் கொண்டுவந்தேன். அட்டைக்காகக் கதையை மாற்றினவன் என்று யாரும் கேலி செய்தால் செய்துகொள்ளட்டும்.

எழுத்துதான் இன்னும் சிறப்பு. பேய்க்கதை என்றாலே ரத்தம் சொட்டுகிற எழுத்துப் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு, பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் தொங்குமே, அது. இவர் ஈரத்தாளில் தூரிகையால் தலைப்பை எழுதி, அதைப் படமெடுத்து ஏற்றினார். ‘எட்டாம் நம்பர் காத்தாடி’யில் ஐந்து மெய்யெழுத்து, ஐந்து புள்ளி. ஐந்தையும் சிவப்பாக்கி விளக்கு மாதிரி வைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கதையில் விளக்கு ஒன்றுதான். நம்பரில் வருகிற கடைசி ‘ர்’ புள்ளி மட்டும் சிவப்பாக இருக்கட்டும் என்றேன். அரை நிமிஷம் யோசித்துவிட்டு மற்ற நாலையும் வெள்ளையாக்கினார். இந்த அட்டையில் என் மூளையிலிருந்து வந்தது அந்த ஒரு புள்ளிதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

குறைக்கு வருகிறேன். இருபது நாள் என்றார், மூன்று மாதம் ஆயிற்று. சித்திரையிலிருந்து ஆடி வரை கொடைச் சீசன். அந்தச் சமயத்தில் வேலையைக் கொடுத்தது என் புத்தி. ஆனால் போனை எடுக்காமல் இருந்தது அவர் புத்தி. ஒரு தடவை பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் ஆள் திசையன்விளைப் பக்கம் போயிருக்கிறார் என்றார்.

இரண்டாவது, இருட்டு. திரையில் அற்புதமாக இருந்த நீலக்கருப்பு, அச்சகத்தில் மாதிரிப் பிரதி எடுத்தபோது மொத்தமாகக் கருப்பாகிவிட்டது. நிழலும் இல்லை, மாலையும் இல்லை, வெள்ளைத் தூண் மட்டும் அந்தரத்தில் நின்றது. திரை தன் வெளிச்சத்தில் காட்டுகிறது, தாளுக்கு அந்த வெளிச்சம் கிடையாது. அதன் மேல் மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம், ஒட்டினால் இருட்டில் இருப்பது இன்னும் மங்கிப்போகும். இது தெரிந்த ஆள் முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா? கேட்டேன். பதில் சொல்லாமல் என்னோடு அச்சகத்துக்கு வந்தார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நிழலை ஒவ்வொரு படியாக வெளுக்க வைத்து, 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) ஆர்ட் கார்டு என்கிற கெட்டி அட்டையில் லேமினேஷனோடு மூன்று மாதிரி எடுத்தார். மூன்றாவதில் மாலை தெரிந்தது. அந்த மத்தியானத்துக்குக் காசு கேட்கவில்லை.

புத்தகத்தின் முதுகு விஷயத்தில் தப்பு என்னுடையது. 224 பக்கத்துக்கு 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்கிற வெள்ளைத் தாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு அச்சகத்தார் பேச்சைக் கேட்டு மங்கலான மஞ்சள் தாளுக்கு மாறினேன். அந்தத் தாள் கொஞ்சம் உப்பல், முதுகு இரண்டு மில்லிமீட்டர் கூடிவிட்டது. முதுகில் இருக்க வேண்டிய எழுத்து பின்னட்டைப் பக்கம் சரிந்தது. புத்தகம் போடுகிறவர்கள் தாளை முடிவு செய்துவிட்டு அட்டைக்குப் போங்கள். என்னைப் போல ஓவியரிடம் வசவு வாங்காதீர்கள்.

அந்தச் சிவப்புப் புள்ளிக்கு மட்டும் ஸ்பாட் யூவி என்கிற பளபளப்புப் பூச்சு போடச் சொன்னார், சாய்த்துப் பிடித்தால் மினுங்குமாம். 300 பிரதிக்கு அச்சகத்தார் சொன்ன ரேட்டைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றேன். அவர் முகம் விழுந்துபோயிற்று. இப்போது புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கும் அந்தப் புள்ளி மேல்தான் கண் போகிறது. போட்டிருக்கலாம். இன்னொன்று, மேட் அட்டையில் கருப்பு அதிகமாக இருந்தால் கைரேகை அப்பட்டமாகத் தெரிகிறது. அல்வா தின்ற கையோடு எடுத்த பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைத்தது போன் எடுக்காததற்கு.

வேலை கொடுக்க நினைக்கிறவர்கள் ஆவணிக்கு மேல் போங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு அப்புறம், முழுக்கதையையும் கையில் எடுத்துக்கொண்டு. பெயரையும் நம்பரையும் இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லையாம். ஆனால் புத்தகத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதில் கறார். முதல் மாதிரியில் நான் விட்டுப்போனதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டார், பௌர்ணமிக்குப் போட்ட மாதிரியே. இப்போது நாலாம் பக்கத்தில் இருக்கிறது.