தேக்காவுக்கு முன்னால் தெலுக் ஆயர்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு யார் வந்தாலும் முதலில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கூட்டிப்போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமாகி இங்கே வந்த இருபத்திரண்டு வருடமாக நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து அத்தை வந்தபோதுதான் வரிசையை மாற்றிப் பார்த்தேன். இனி பழைய வரிசைக்குத் திரும்புவதாக இல்லை.

அத்தைக்கு வயது 71. விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை. இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆகவே இதை முழங்காலை மனத்தில் வைத்து எழுதிய விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மெரினா பே. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தோம், படம் எடுத்தோம், பத்து நிமிடத்தில் முடிந்தது. "வால் மட்டும் மீனா இருக்கு, வாடையே இல்லியே" என்றார் அத்தை. கடற்கரைக்காரர் தீர்ப்பு, அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் ஈசூனில் ஏழு மணிக்கு ரயில் ஏறி, நியூட்டனில் டௌன்டௌன் பாதைக்கு மாறி, தெலுக் ஆயரில் இறங்கினோம். நிலையத்தில் மின்தூக்கி உண்டு. மேலே வந்தால் நாலா பக்கமும் வங்கிக் கட்டடங்கள். கடல் கண்ணிலேயே படாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை இந்தத் தெருதான் கரை. கப்பலைவிட்டு இறங்கிய சனம் முதலில் கும்பிட்ட இடங்கள் இங்கே வரிசையாக நிற்பது அதனால்தான்.

நாகூர் தர்கா என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டார். "நம்ம ஆண்டவரா? இங்கேயுமா?" அவ்வளவுதான், முந்தானை தலைக்குப் போய்விட்டது. அத்தை வீட்டிலிருந்து நாகூர் பஸ்ஸில் கால் மணி நேரம். கந்தூரிக் கொடி ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். இந்தக் கட்டடத்தை 1828க்கும் 1830க்கும் இடையில் சூலியாக்கள் என்ற தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டினார்கள். கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று நம்பி, ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பியது. அடக்கஸ்தலம் நாகூரில்தான், இங்கே இல்லை. 1974இல் தேசிய நினைவுச்சின்னமானது. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் கண்காட்சி சின்னதுதான், இருபது நிமிடம் போதும். அத்தை கண்காட்சியைவிட வெளியே நின்று மினாரைப் பார்த்த நேரம்தான் அதிகம். "எங்க ஊர்ல அஞ்சு. அதுல ஒண்ணு ரொம்ப உசரம். இது குட்டி, ஆனா அழகாத்தான் வச்சிருக்கான்."

இரண்டு எட்டு தள்ளி தியான் ஹோக் கெங். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாட்சுவுக்கு எழுப்பிய கோயில், 1842இல் முடிந்தது. ஆணி அடிக்காமல் மரத்தைப் பொருத்தியே கட்டியது என்பார்கள். கூரை முகட்டில் இருக்கும் டிராகன்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், முழங்காலுக்கு ஆபத்தில்லை. ஊதுவத்திப் புகைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அத்தை கணக்குப் போட்டார்: "நாகூர்ல ஆண்டவரு, வேளாங்கண்ணில மாதா, இங்க சீனத்து அம்மா. கடலுக்குப் போறவன் பொண்டாட்டிக்கு யாராச்சும் ஒருத்தர் வேணும்ல."

எனக்குப் பிடித்தது அதே தெருவில் இருக்கும் அல் அப்ரார் பள்ளிவாசல். வெளியிலிருந்து பார்த்தால் கடைவீட்டு வரிசைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள். 1827இல் கூரை வேய்ந்த குடிசையாகத் தொடங்கியதால் நம் ஆட்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி. 1850களில் செங்கல் கட்டடம் வந்தும் பெயர் போகவில்லை. குச்சு என்ற சொல்லை நான் அத்தை வாயில்தான் கடைசியாகக் கேட்டிருக்கிறேன், அதுவும் ஆட்டுக்குட்டி கட்டிய குச்சு. அவரிடம் சொன்னதும், "அப்ப இங்க வந்தவனும் நம்ம பக்கத்து ஆளுதான்" என்றார். தெலுக் ஆயருக்கு நான் பத்துக்கு ஒன்பது தருவேன். அந்த ஒரு மதிப்பெண் போனது நிழலில் உட்கார இடம் குறைவு என்பதால்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு ஆன் சியாங் மலைப் படிக்கட்டு வழியாகக் குறுக்கே போகலாம். நாங்கள் போகவில்லை. குரோஸ் ஸ்திரீட் வழியாகச் சமதரையில் மெதுவாக நடந்தோம். மாரியம்மன் கோயிலை ஒட்டிப் போகும் தெருவின் பெயர் பகோடா ஸ்திரீட். "பகோடா கடை எங்கடி?" என்றார் அத்தை. நம் கோயில் கோபுரத்தைத்தான் அந்தக் காலத்தில் பகோடா என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தார்கள் என்று விளக்கியும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. இப்போது அந்தத் தெரு முழுக்க நினைவுப் பொருள் கடைகள். ஒரு கடையில் காந்தம் வைத்த மெர்லயன் பொம்மை ஒன்றுக்கு எட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிவிட்டார்கள், நான்கு கடை தள்ளி அதே பொம்மை மூன்று சேர்த்தே பத்து வெள்ளி. விலை கேட்காமல் வாங்கியது என் தப்புதான், ஆனாலும் வயிறு எரிந்தது.

ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை வைத்த சின்ன அம்மன் இன்னும் கருவறையில் இருக்கிறார். கட்டியவர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொன்னதும் அத்தை மதில்மேல் படுத்திருக்கும் வெள்ளை மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். கொத்தனார் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்! ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் இடம், வெயில் ஏறினால் பாதம் பொரியும். பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள்.

பக்கத்திலேயே ஜாமியா சூலியா பள்ளிவாசல், பெரிய பள்ளி. முகப்பில் குட்டிக் குட்டிக் கதவும் சன்னலும் வைத்த பொம்மை அரண்மனை மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கிறது. இரண்டு மினாருக்கும் நடுவே கொஞ்சம் மேலே பாருங்கள், தெரியும்.

பசி வந்ததும் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். கோழிச் சோறு வாங்கினோம். "சோறு தங்கம். கோழியை இன்னும் ரெண்டு கொதி விட்டிருக்கலாம்." சரி, அது பழகவேண்டிய ருசி.

மாலையில்தான் தேக்கா. சைனாடவுனிலிருந்து வடகிழக்குப் பாதையில் மூன்றாவது நிறுத்தம். சாப்பாட்டில் அன்றைக்கு முதல் பரிசு தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் இந்திய ரோஜாக்கிற்குத்தான். இந்தியா என்று பெயர், இந்தியாவில் கிடைக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் இறால் வடை, உருளைக்கிழங்கு, டவ்கூ என்ற சோயாக் கட்டி, புளிக்கவைத்த சோயாவான டெம்பே, தேங்காய் வடை, முட்டை என்று அடுக்கியிருக்கும். வேண்டியதைத் தட்டில் எடுத்துக் கொடுத்தால் இன்னொரு முறை எண்ணெயில் போட்டு, கத்தியால் டக்டக்கென்று வெட்டி, வெள்ளரிக்காயும் பச்சை மிளகாயும் வைத்துத் தருவார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் சிவப்புக் குழம்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கெட்டியாக்கியது, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம். எண்ணிக்கைக்குக் காசு, ஆசையில் அள்ளினால் பில் ஏறும். எங்கள் தட்டு பதின்மூன்று வெள்ளி ஆனது.

அத்தை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். "பஜ்ஜிக்கு யாராச்சும் பாயசம் தொட்டுக்குவாங்களா?" இறால் வடையின் மொறுமொறு ஓரத்தை ஒடித்து, குழம்பில் முக்கி, கண்ணை மூடி மென்றார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து போய் எனக்கு இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிவந்தேன்.

மீன் தலைக்கறியை மூன்றாம் நாளுக்கு வைத்தது பிழை. கேரளத்திலிருந்து வந்த ஒருவர் சென்ற நூற்றாண்டின் நடுவில் இங்கே தொடங்கி வைத்த அயிட்டம் அது. நாங்கள் போன உணவகத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம், ஆறிப்போன சட்டி வந்தது. பெயர் வேண்டாம். "மீனு நல்ல மீனுதான், அடுப்பு தூங்கிடுச்சு போல" என்று அத்தையே அவர்களுக்கு வக்காலத்து வாங்கினார்.

கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் பார்த்தோம். 2015இல் திறந்தது, குளிர்சாதனம் உண்டு, உட்கார இருக்கை உண்டு. செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்று இருக்கிறது. அதன் செதுக்கலைப் பார்க்கவே போகலாம். திங்கட்கிழமை விடுமுறை.

தேக்கா மாடியில் சேலைக் கடைகளைக் காட்டினால், "நம்ம ஊர்லேர்ந்து வந்ததை இங்க வந்து வாங்கணுமா?" என்று ஒரு சுற்றோடு இறங்கிவிட்டார். வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: கோடாலித் தைலம், இரண்டு டஜன். யார் யாருக்கு என்று ரயிலில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஈசூன் வருவதற்குள் இருபத்தாறு பேர் ஆகிவிட்டார்கள். மறுநாள் நான் திரும்பப் போய் இன்னும் அரை டஜன் வாங்கிவந்தேன்.